நகரக் குடிநீரும் அணை உயர்த்தலும்

நகரங்கள் வளருந்தோறும் அவற்றின் தாகமும் வளர்கின்றது. அத்தாகத்தைத் தீர்க்கப் புதிய ஆறு ஒன்றைப் படைத்தல் எவர்க்கும் இயலாது. இருக்கும் ஆற்றிலிருந்து இன்னும் சிறிது எடுத்தலே செய்யக்கூடியது. முற்காலத்தில் இதற்கெனப் புதிய அணைகளை எழுப்பினர். நல்ல அணையிடங்கள் அருகிவிட்ட நாடுகளில், இப்பொழுது பழைய அணையையே உயர்த்திக் கட்டுகின்றனர். ஏரி முன்னரே அங்குள்ளது. பாதையும் குழாயும் முன்னரே அமைந்துள்ளன. கரையைச் சற்று உயர்த்துவதால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்பது இயல்பே. இக்கேள்விக்கு, சுவர் எழும்புவதற்கு முன்பாகவே, எழுத்தில் விடை கூறவேண்டும் என்று விதிப்பதுதான் சுற்றுச்சூழல் விளைவு ஆய்வு என்னும் சட்டமுறை.

நம் சங்கத்தில் இருவகை அங்கத்தினரும் உளர். நகரத்தில் தறி நெய்வோர் குழாயின் முனையில் இருக்கின்றனர். குடிக்கவும், நூலை நனைக்கவும், சாயம் தோய்க்கவும் அவர்களுக்கு அந்நீர் வேண்டும். பயிரிடுவோர் ஆற்றின் பக்கம் இருக்கின்றனர். ஆகவே இப்பொருள் இரு சாராருக்கும் உரியது. இதனை விளங்கிக்கொள்ள, நெடுங்காலம் ஆராயப்பட்டு, பின்னர் நீதிமன்றத்திலும் ஆராயப்பட்ட ஓர் அணையின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு நீர் வழங்கும் கிராஸ் அணையாகும்.

கொலராடோ மாநிலத்தை வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர் இரண்டாகப் பிரிக்கின்றது. மாநிலத்தின் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மலைக்கு மேற்கே விழுகின்றது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் கிழக்கே வாழ்கின்றனர். டென்வர் நகரமும் கிழக்கே உள்ளது. இதனால் மலையைத் துளைத்து மேற்கு நீரைக் கிழக்கே கொணரும் வழக்கம் அங்கே நீண்ட காலமாக உண்டு. மொபட் என்னும் இரயில் சுரங்கப்பாதையை 1928-ஆம் ஆண்டில் திறந்தனர். அதன் பக்கத்தே, வேலைக்காகத் துளைத்த ஒரு சிறு சுரங்கமும் இருந்தது. சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் வழியே 1936-ஆம் ஆண்டு முதல் நீர் பாய்ந்து வருகின்றது. பிரேசர், வில்லியம்ஸ் போர்க் என்னும் இரு மேற்கத்திய ஆறுகளின் நீர் அது. அவ்விரண்டும் கொலராடோ ஆற்றில் சேரவேண்டியவை.

மலையைக் கடந்த நீரைத் தேக்கிவைப்பதற்காக, சௌத் போல்டர் ஓடையின்மேல் 1954-ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது கிராஸ் அணை. நகர நீர் வாரியத்தின் பொறியாளராக இருந்த டுவைட் கிராஸ் என்பவரின் பெயரை அது தாங்கியுள்ளது. அதன் உயரம் 340 அடி. கொள்ளளவு சுமார் 42,000 ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீரே ஒரு ஏக்கர்-அடி. நம் கணக்கில் 43,560 கன அடி. ஆகவே பழைய கிராஸ் அணை தாங்கியது ஏறக்குறைய 183 கோடி கன அடி. இதனை 131 அடி உயர்த்தி, 471 அடி உயரமாக்கி, இன்னும் 77,000 ஏக்கர்-அடி நீரைக் கூடுதலாகத் தேக்குவதே வாரியத்தின் யோசனை. அதாவது 335 கோடி கன அடி. சென்னைக்கு நீர் தரும் புழல் ஏரியின் முழுக் கொள்ளளவே 330 கோடி கன அடிதான் என்பதை எண்ணிப் பார்த்தால், "சற்று உயர்த்துதல்" என்ற சொல்லின் அளவு நமக்குத் தெரியவரும். தேக்கம் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது.

ஏன் புதிய அணை கட்டவில்லை என்று வினவலாம். கட்ட முயன்றனர். தென் பிளாட் ஆற்றின்மேல் டூ போர்க்ஸ் என்னுமிடத்தில் 11 லட்சம் ஏக்கர்-அடி கொள்ளும் பேரணை ஒன்றை டென்வரும் அதன் சுற்று நகரங்களும் கோரின. அது நம் மேட்டூர் அணையின் கொள்ளளவில் பாதிக்குச் சற்று மேற்பட்டது. ஆய்வு பல ஆண்டுகள் நடந்தது. முடிவில், 1990-ஆம் ஆண்டு நவம்பரில், கூட்டாட்சி அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அதனை மறுத்துவிட்டது. அக்காலத்தில் டூ போர்க்ஸை எதிர்த்த இயற்கைக் காப்பாளர்களே, "புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிப்பதற்குப் பதிலாகக் கிராஸ் அணையை உயர்த்திக்கொள்ளலாமே" என்று கூறியவர்கள். பின்னாளில் அதே யோசனை வந்தபோது வேறு சில இயற்கைக் காப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். இதனை முரண் என்று ஏளனம் செய்வோர் உண்டு. 1990-இல் இருந்த கொலராடோ ஆறும் 2018-இல் இருந்த கொலராடோ ஆறும் ஒன்றல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

நகரத்தின் தேவை பொய்யானதன்று. அதனையும் நேர்மையாகக் கூறிவிட வேண்டும். டென்வர் வாரியம் சுமார் 15 லட்சம் மக்களுக்கு நீர் அளிக்கின்றது. அதன் அமைப்பு வடக்கு, தெற்கு என இரு கைகளைக் கொண்டது. தெற்குக் கை பெரியது. கிராஸ் அணையை உள்ளிட்ட வடக்குக் கை சிறியது. 2002-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் வடக்குக் கை வற்றும் நிலைக்கு வந்தது. அதே ஆண்டில் ஹேமன் காட்டுத்தீ தென் பிளாட் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் 1,38,000 ஏக்கர் காட்டை எரித்தது. பின்பு பெய்த மழையில் சாம்பலும் மண்ணும் தெற்கு நீர்த்தேக்கங்களில் வந்து படிந்தன. ஒரு கை பழுதுபட்டால் மற்றொரு கை தாங்கவேண்டும் என்று வாரியம் வாதிட்டது. அடுத்த ஆண்டே, 2003-இல், அனுமதி பெறும் முயற்சி தொடங்கிற்று.

இங்கே ஒரு கணக்கை வாசகர் கவனிக்கவேண்டும். கூடுதல் தேக்கம் 77,000 ஏக்கர்-அடி. அதில் 5,000 ஏக்கர்-அடி, ஓடையில் வறண்ட காலத்தில் நீர் ஓடவிடுவதற்காகப் போல்டர், லபாயெட் என்னும் ஊர்களுக்கென ஒதுக்கப்பட்டது. மீதி 72,000. ஆனால் நகரத்துக்கு ஆண்டுதோறும் உறுதியாகக் கிடைக்குமென எதிர்பார்க்கப்பட்டதோ 18,000 ஏக்கர்-அடி மட்டுமே. இது மோசடியன்று. குடிநீர்த் தேக்கம் குதிரைப் போன்றது. விளைந்த ஆண்டில் நிரப்பிவைத்து, விளையாத ஆண்டுகள் இரண்டு மூன்று தொடர்ந்து வந்தாலும் சிறிது சிறிதாக எடுத்து உண்ணவேண்டும். எவ்வளவு எடுத்தால் மிகக் கொடிய வறட்சியிலும் குதிர் காலியாகாதோ, அந்த அளவே உறுதி நீர். ஆதலால் அணை உயர்த்தும் யோசனை எதுவானாலும், தேக்கம் எவ்வளவு என்பதோடு, உறுதி நீர் எவ்வளவு, நிரப்புதற்குரிய நல்ல ஆண்டுகள் எத்தனை வரும் என்பவற்றையும் கேட்கவேண்டும். மூன்றாவது வினாவே இவ்வழக்கில் பெரிதாயிற்று.

அமெரிக்க நாட்டில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் கையொப்பமாயிற்று. கூட்டாட்சி அரசாங்கத்தின் இசைவு தேவைப்படும் பெருவேலை எதுவாயினும், இசைவளிக்கும் அலுவலகம் அதன் விளைவுகளை முதலில் ஆராய்ந்து அறிக்கை எழுதவேண்டும். வரைவு அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைத்து அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்பது கிராஸ் அணை ஆராயப்பட்ட காலத்தில் விதியாக இருந்தது. வேறு வழிகளையும் ஒப்பிட்டுக் காட்டவேண்டும். இச்சட்டம் எந்த அணையையும் தடுப்பதில்லை. பாராமல் கட்டுவதையே தடுக்கின்றது. இதனினும் கடியது 1972-ஆம் ஆண்டின் நீர்த்தூய்மைச் சட்டம். ஆறுகளிலும் சதுப்புகளிலும் மண்ணோ கல்லோ கொட்டும் வேலைக்கு இராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும் என்றும், செய்யக்கூடிய வழிகளுள் இயற்கைக்கு மிகக் குறைந்த கேடு செய்வதற்கே அனுமதி தரலாம் என்றும் அது கூறுகின்றது. கிராஸ் அணைக்கு இவ்விரு சட்டங்களும் பொருந்தின. அணையடியில் மின்னாக்கமும் நடைபெறுவதால் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் இசைவும் தேவைப்பட்டது.

நம் நாட்டின் விதி இவ்விடத்தில் வேறுபடுவதைச் சொல்லாமல் செல்வதற்கில்லை. இந்திய அரசாங்கத்தின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை, ஆற்றுப்பள்ளத்தாக்குத் திட்டங்களை மின்சாரத்தின் மெகாவாட் கணக்கிலும் பாசன நிலத்தின் ஹெக்டேர் கணக்கிலும் அளந்து, முன்னனுமதி தேவையா எனத் தீர்மானிக்கின்றது. குடிநீருக்கென்றே அமையும் அணைக்கு அப்பட்டியலில் அளவுகோல் வைக்கப்படவில்லை. காட்டு நிலம் மூழ்குமாயின் வனச் சட்டத்தின் இசைவு வேண்டும், அது வேறு. மும்பை நகரின் குடிநீர்க்கென மேற்குத் தொடர்ச்சி மலையில் அணைகள் முன்மொழியப்பட்டபோது இக்குறை பெரிதும் பேசப்பட்டது. வீராணம் ஏரியின் நீர் 2004-ஆம் ஆண்டு முதல் குழாய்வழி சென்னைக்குச் செல்வதை அறிந்த பயிரிடுவோருக்கு, குடிநீர் என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. அச்சொல்லை எதிர்த்துப் பேச எவரும் துணியார். அதனாலேயே அதனை அளந்து பார்க்கும் முறை வேண்டியிருக்கின்றது.

கிராஸ் அணையின் ஆய்வுக்குத் திரும்புவோம். பொறியாளர் படை 2009-ஆம் ஆண்டில் வரைவு அறிக்கையையும், 2014-இல் இறுதி அறிக்கையையும் வெளியிட்டது. 2017-இல் அனுமதி அளித்தது. ஆக 14 ஆண்டுகள்.

ஆய்வில் வெளிப்பட்டவை பல. அணையைச் சுற்றி மூழ்கும் சரிவுகளில் பெருந்தொகையான மரங்களை வெட்டவேண்டும். அருகில் வாழும் மலைவாசிகள் ஆண்டுக்கணக்கில் வெடியோசையையும் லாரிகளையும் பொறுக்கவேண்டும். ஆயினும் பெரிய கேடு, அணையின் பக்கத்தில் நிகழ்வதைவிட, மலைக்கு அப்பால், அணையைக் கண்ணாற் காணாத பிரேசர் ஆற்றங்கரையில் நிகழ்வதாகும். அவ்வாற்றின் இயற்கை நீரில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கிழக்கே சென்றுகொண்டிருந்தது. அணை உயர்ந்தால், பனி உருகும் மே முதல் ஜூலை வரையான வெள்ள காலத்தில் இன்னும் எடுப்பர். நம் ஊரில் ஆடிப்பெருக்கு ஆற்றைக் கழுவி வண்டலைக் கொணர்வதுபோல, அங்கே பனிவெள்ளம் ஆற்றுப்படுகையின் கூழாங்கற்களுக்கு இடையே அடைந்த மணலை அடித்துச் செல்கின்றது. கற்களின் இடுக்கிலே பூச்சிகள் வாழ்கின்றன. அங்கேயே டிரௌட் மீன் முட்டையிடுகின்றது. வெள்ளம் மெலிந்தால் மணல் தங்கும், இடுக்குகள் அடைபடும், பூச்சி அழிந்தபின் மீனும் குறையும். கோடையில் நீர் குறைந்து ஓடுவதால் அது சூடேறுகின்றது. குளிர்நீர் மீன் அதனைத் தாங்காது. மலைக்கணவாயில் பனிக்காலத்தில் வண்டிச் சக்கரம் வழுக்காதிருக்கச் சாலையில் தூவும் மணலும் அதே ஆற்றில் வந்து சேர்கின்றது. ஆற்றுக்குக் கழுவும் வலிமை இருந்தவரை இது பெரிதாகத் தோன்றவில்லை.

வறண்ட ஆண்டுகளில் கூடுதலாக ஒன்றும் எடுக்கமாட்டோம் என்று வாரியம் உறுதி கூறிற்று. உண்மைதான். அத்தகைய ஆண்டுகளில், உரிமைப்படி எடுக்கத்தக்கதை எல்லாம் முன்னரே எடுத்துவிடுவதால், எடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி, மாற்று வழிகள். ஓர் ஆய்வின் உயிர் இப்பகுதியிலேயே உள்ளது. பொறியாளர் படை, ஒன்றும் செய்யாதிருத்தல் என்பதை நீக்கி, ஐந்து வழிகளை விரிவாக ஒப்பிட்டது. கிராஸ் அணையை முழுவதுமாக உயர்த்துதல் ஒன்று. மற்றவற்றில் அணையைச் சிறிது குறைவாக உயர்த்தி, மீதியை வேறு வகையில் பெறுவது: லெய்டன் என்ற ஓடையில் புதிய தேக்கம், பயன்படுத்திய நீரை மீட்டுச் சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் தேக்குதல், அதே நீரை நகருக்கு அடியிலுள்ள நிலத்தடிப் பாறையடுக்கில் செலுத்தி வைத்தல், விவசாயிகளின் நீருரிமையை விலைக்கு வாங்குதல். பட்டியல் நீளமாயினும், ஐந்திலும் கிராஸ் அணை உயர்கின்றது. வீட்டுக்கு வர ஐந்து வாயில்கள் உண்டு என்று காட்டி, ஐந்தும் ஒரே கூடத்தில் திறப்பது போன்றது இது. வடக்குக் கையிலேயே 18,000 ஏக்கர்-அடி வேண்டும் என்று தேவையை எழுதிய விதமே விடையையும் பெரும்பாலும் எழுதிவிட்டது. தேவையை எவ்வாறு எழுதுகின்றனர் என்பதை முதற் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளாதவர், 500-ஆம் பக்கத்தில் வாதிட்டுப் பயனில்லை.

நீருரிமையை விலைக்கு வாங்குதல் என்ற வழியைப் பற்றிப் பயிரிடும் அங்கத்தினருக்கு இன்னும் சிறிது கூறவேண்டும். கொலராடோவில் நீருரிமை நிலத்திலிருந்து பிரிக்கத்தக்க சொத்து. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதல் உரிமை என்பது அம்மாநிலத்தின் 1876-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற கொள்கை. பழைய உரிமையை உடைய விவசாயியிடமிருந்து நகரம் அதனை வாங்கிக் குழாயில் கொண்டுபோகலாம். ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள குரௌலி ஜில்லாவில் 50,000 ஏக்கர் அளவுக்குப் பாசனம் நடந்துவந்தது. 1970-களிலும் 1980-களிலும் நகரங்கள் நீருரிமைகளை வாங்கியபின், அதில் ஒரு சிறு பகுதியே பசுமையாக நின்றது. விற்றவர் விலை பெற்றனர். விற்காதவரின் வாய்க்கால், சந்தை, விதைக்கடை, பள்ளிக்கூடம் ஆகியவை விலையின்றித் தேய்ந்தன. வாங்கி வறட்டுதல் என்று அங்கு இதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. அணையை உயர்த்தாதே என்பவர் இவ்வழியையும் கண்திறந்து பார்க்கவேண்டும். நகரத்தின் தாகம் ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலைத் தட்டும். அந்த வாயில் பெரும்பாலும் உழவனுடையது.

மூன்றாவது வாயில் ஒன்றும் உண்டு: சிக்கனம். 2002-ஆம் ஆண்டு வறட்சிக்குப்பின் டென்வர் மக்கள் புல்தரைக்கு நீர் விடுவதைக் குறைத்து, ஆள் ஒன்றுக்கு ஆகும் நீரைக் கணிசமாகக் குறைத்தனர். வாரியம் இதனைத் தன் புகழாகக் கூறியது. எதிர்த்தவர்களோ, இவ்வளவு செய்ய முடிந்ததெனில் இன்னும் செய்யலாமே, சுவர் எதற்கு என்றனர்.

மேற்கு மலைச்சரிவினர் கைகட்டி நிற்கவில்லை. 2013-ஆம் ஆண்டில் டென்வர் வாரியமும் மேற்குப் பகுதியின் ஜில்லாக்களும் நீர் மாவட்டங்களும் கூட்டுறவு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. பிரேசர் ஆறு ஓடும் கிராண்ட் ஜில்லாவுக்குப் பணமும் சிறிது நீரும் கிடைத்தன. ஆற்றைச் செப்பனிட இரு சாராரும் சேர்ந்து ஆண்டுதோறும் கலந்து பேசும் ஏற்பாடும் உண்டாயிற்று. மீன் காப்புச் சங்கத்தார் சிலர் இதனை ஏற்றனர். கிழக்கே, அணை நிற்கும் போல்டர் ஜில்லாவோ எதிர்த்தே நின்று, முடிவில் 2021-ஆம் ஆண்டு 1 கோடியே 25 லட்சம் டாலர் ஈடு பெற்று இணங்கிற்று. முதல் உடன்படிக்கை பேச்சின் பயன். இரண்டாவது, நீதிமன்ற வாயிலில் நின்று பெற்ற ஈடு. ஆய்வு இல்லாதிருப்பின் இரண்டும் கிடைத்திரா என்பது நம் கருத்து.

உடன்படாதவரும் இருந்தனர். 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆற்றுக்காப்புச் சங்கங்கள் சில கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அவர்களுடைய வலிமையான வாதம் கொலராடோ ஆற்றைப் பற்றியது. 7 மாநிலங்கள் அவ்வாற்றைப் பங்கிட்டு 1922-ஆம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தம், மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி என வகுத்தது. அளந்த காலம் நல்ல மழைக்காலமாக அமைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டுக்குப்பின் ஆற்றின் வரத்து சென்ற நூற்றாண்டின் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வெப்பம் கூடினால், பனி ஆறாக ஓடுமுன்பே காற்றிலும் மண்ணிலும் மறைகின்றது. நிரப்புவதற்கு நல்ல ஆண்டு வராவிடில், பெரிய குதிரைக் கட்டியவன் பெரிய வெறுங்குதிரையே பெறுவான். மேற்கூறிய மூன்றாம் வினா இதுவே.

வழக்கு மெல்ல நடந்தது, வேலை விரைந்தது. எரிசக்தி ஆணையம் 2020-இல் இசைந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் கட்டுமானம் தொடங்கிற்று. பழைய சுவரின் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் படிப்படியாகக் கான்கிரீட்டை உருளையால் அழுத்தி ஏற்றினர். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நீதிபதி கிறிஸ்டின் ஆர்குவெல்லோ தீர்ப்பளித்தார். பொறியாளர் படை மாற்று வழிகளை முறைப்படி ஆராயவில்லை என்றும், தட்பவெப்ப மாறுதலால் கொலராடோ ஆற்றுக்கு நேர்வதை உரியவாறு கணக்கில் எடுக்கவில்லை என்றும், இரு சட்டங்களும் மீறப்பட்டன என்றும் அவர் கண்டார். 14 ஆண்டு ஆராய்ந்தும் இக்குறை நேர்ந்ததெனில், அதற்குக் காரணம் காலம் போதாமையன்று. அறிக்கையில் தட்பவெப்ப மாறுதல் பேசப்பட்டது. ஆனால் அணை நிரம்புமா என்ற கணக்குக்குள் அது நுழைக்கப்படவில்லை.

தீர்ப்பு வந்தபோது சுவர் பாதி எழுந்திருந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதி வேலையை நிறுத்த உத்தரவிட்டார். வாரியம் மேல்முறையீடு செய்தது; பழைய சுவரைச் செதுக்கியபின் பாதியில் விடப்பட்ட அணை கீழே வாழ்வோருக்கு ஆபத்து என்றும் வாதிட்டது. அவ்வாதத்தைப் புறக்கணிக்க எந்த நீதிபதியாலும் இயலாது. எனவே மே மாதத்தில், சுவரை முடித்துக்கொள்ளலாம், ஆனால் மரங்களை வெட்டவோ கூடுதல் நீரைத் தேக்கவோ கூடாது என்று உத்தரவு மாறிற்று. உயர்ந்த அணை; பழைய அளவு நீர். ஆய்வு முன்னும் கட்டுதல் பின்னும் என்ற வரிசை புரண்டால் நேர்வது இதுவே. இசைவு பெற்ற அன்றே வேலை தொடங்கும் உரிமை இருக்க, வழக்குக்கு ஆறு ஆண்டு பிடிக்குமாயின், நீதிமன்றத்துக்கு எஞ்சுவது முடிந்துபோன சுவரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே.

அதே மே மாதத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், கொலராடோ ஆற்றோரமாகச் செல்லும் பாதையில் கச்சா எண்ணெய் ஏற்றிச்செல்வதற்கான ஓர் இரயில் திட்டத்தைப் பற்றிய வழக்கில், 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஆய்வின் எல்லையைச் சுருக்கிற்று. திட்டத்துக்கு அப்பாற்பட்ட தனி வேலைகளின் விளைவுகளை அலுவலகம் ஆராயவேண்டியதில்லை என்றும், அலுவலகம் எழுதிய அறிக்கைக்கு நீதிமன்றங்கள் மிகுந்த மதிப்பளிக்கவேண்டும் என்றும் அது கூறிற்று. அணை வழக்குகளில் இத்தீர்ப்பை நீர் வாரியங்கள் எடுத்துக்காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் நீர்த்தூய்மைச் சட்டம், குறைந்த கேடு செய்யும் வழிக்கே அனுமதி என்னும் அதன் விதி ஆகியவை அத்தீர்ப்பால் மாறவில்லை. கிராஸ் அணையைப் பொறுத்தவரை மீறப்பட்டதாக நீதிபதி கண்ட இரண்டு சட்டங்களுள் அதுவும் ஒன்றாகும்.